கொடுவாவுக்கு ஓர் ஊசி

கேளம்பாக்கத்திலிருந்து கோவளம் போகும் சாலையில் உப்பளங்களைத் தாண்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையைத் தொட்டால், முட்டுக்காட்டை ஒட்டி மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வு நிலையம் இருக்கிறது. சுருக்கமாக ‘சிபா’. இந்தியாவிலேயே முதன்முறையாக 1997-இல் கொடுவா மீனைத் தொட்டியில் முட்டையிட வைத்தவர்கள் இவர்கள். கைகொடுத்தது ஒரு ஹார்மோன் ஊசி. நம் உடம்பில் கருமுட்டை எப்படி முதிர்ந்து வெளியேறுகிறது என்று கேட்பவர்களுக்கு நான் இந்த மீனைத்தான் முதலில் காட்டுவேன்.

கொடுவா கழிமுகத்தில் வளர்ந்து, முட்டையிடக் கடல் பக்கம் போகும் மீன். தொட்டியில் போட்டு நன்றாகத் தீனி கொடுத்தால் சினை பிடிக்கும். ஆனால் அதோடு நின்றுவிடும். கடல் மூளைக்குச் சொல்கிற சேதி தொட்டித் தண்ணீரில் கிடையாது. வயிற்றில் முட்டை தயார். வெளியேறச் சொல்லும் உத்தரவுதான் வரவில்லை.

அந்த உத்தரவு மூன்று படி இறங்கி வர வேண்டும். மூளையின் அடியில் உள்ள ஹைபோதலாமஸ், எல்.எச்.ஆர்.எச். என்ற ஹார்மோனைத் துளித்துளியாகச் சுரக்கிறது. அது பிட்யூட்டரி சுரப்பியைத் தட்டியெழுப்ப, அங்கிருந்து எஃப்.எஸ்.எச்., எல்.எச். என்ற இரண்டும் இரத்தத்தில் கலந்து சினைப்பைக்கோ விந்தகத்துக்கோ போகின்றன. ஈஸ்ட்ரோஜன், டெஸ்டோஸ்டிரோன் எல்லாம் அதற்குப் பிறகுதான். இந்த ஏற்பாடு மீனுக்கும் நமக்கும் பொது. எல்.எச்.ஆர்.எச். என்பது பத்தே அமினோ அமிலங்கள் கோத்த சிறு சரம். ஆண்ட்ரூ ஷாலியும் ரோஜர் கில்லெமினும் பன்றி, ஆட்டு மூளைகளை லட்சக்கணக்கில் அரைத்து வடிகட்டி, 1971-இல் அதன் அமைப்பைக் கண்டுபிடித்தார்கள். 1977-இல் நோபல் பரிசு பெற்றார்கள். கொடுவா போன்ற மீன்களில் இந்த வேலையைச் செய்யும் ஹார்மோனுக்கும் நம்முடையதற்கும் எட்டாவது இடத்தில் உள்ள ஒரே ஓர் அமினோ அமிலம்தான் வேறுபாடு. அதனால்தான் பாலூட்டிகளின் ஹார்மோனைப் பார்த்துச் செய்த மருந்து மீனிடமும் பலிக்கிறது.

ஊசி போடும் நாளில் தாய்மீனை மயக்க மருந்து கலந்த தண்ணீரில் விட்டு, மெல்லிய குழாயைச் செருகிச் சில முட்டைகளை உறிஞ்சி எடுத்து அளக்கிறார்கள். குறுக்களவு 0.45 மில்லிமீட்டரைத் தாண்டியிருந்தால்தான் ஊசி. அதற்குக் குறைவாக இருந்தால் மீன் தொட்டிக்கே திரும்பிவிடும். எத்தனை ஊசி போட்டாலும் பிஞ்சு முட்டை பழுக்காது. ஆணின் வயிற்றை லேசாக அழுத்தினால் விந்துப் பால் கசிய வேண்டும். பெண்ணுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 60 முதல் 70 மைக்ரோகிராம், ஆணுக்கு அதில் பாதி. 30 முதல் 36 மணி நேரத்தில் முட்டைகள் மிதக்கத் தொடங்குகின்றன.

இந்த 36 என்ற எண், கருத்தரிப்பு மையங்களுக்குப் போய் வந்தவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கும். மாதவிடாய்ச் சுழற்சியின் நடுவில் ஈஸ்ட்ரோஜன் உச்சத்தைத் தொட்டதும் பிட்யூட்டரி எல்.எச்.-ஐ மொத்தமாகக் கொட்டுகிறது. ஏறக்குறைய ஒன்றரை நாளில் கருமுட்டை வெளியேறுகிறது. சோதனைக்குழாய்ச் சிகிச்சையில் இந்த வெள்ளத்தைச் செயற்கையாக உண்டாக்கவே கடைசி ஊசி. அதை இரவில் இத்தனை மணிக்குப் போட வேண்டும் என்று மருத்துவர்கள் கறாராகச் சொல்வதும், முட்டை எடுக்கும் நேரத்தைப் பின்னோக்கிக் கணக்கிட்டுத்தான். கொடுவாவுக்குப் போடும் அதே வகை மருந்தைச் சில பெண்களுக்கு இந்தக் கடைசி ஊசியாகப் போடுவதும் உண்டு.

கொடுவாவிடம் இன்னொரு விசேஷம். அது முதலில் ஆணாக முதிர்கிறது. இரண்டு மூன்று கிலோவரை ஆண்தான். வயதும் எடையும் கூடக்கூடப் பெண்ணாகிவிடுகிறது. பெரிய கொடுவாக்கள் பெரும்பாலும் பெண்கள். பாலுறுப்பில் அரோமட்டேஸ் என்ற நொதி பெருகி, டெஸ்டோஸ்டிரோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றுவதுதான் இதில் முக்கியமான வேலை. விசித்திரமாகத் தோன்றும். ஆனால் எந்தப் பெண்ணின் சினைப்பையும் தன் ஈஸ்ட்ரோஜனை இதே வழியில், ஆண் ஹார்மோனிலிருந்துதான் தயாரிக்கிறது.

ஹார்மோன் என்றால் கூடக் கொடுத்தால் கூட வேலை செய்யும் என்ற நினைப்பு நம்மிடம் பரவலாக இருக்கிறது. 1978-இல் எர்னஸ்ட் நோபிலின் குழு குரங்குகளில் செய்த சோதனை அதை உடைத்துப் போட்டது. எல்.எச்.ஆர்.எச்.-ஐ மணிக்கு ஒரு தடவை விட்டுவிட்டுக் கொடுத்தபோது பிட்யூட்டரி ஒழுங்காகச் சுரந்தது. இடைவிடாமல் ஏற்றியபோது, முதலில் கொஞ்சம் துள்ளிவிட்டு அடங்கிப்போனது. இன்று அந்த அடங்கலும் ஒரு சிகிச்சை. எல்.எச்.ஆர்.எச்.-ஐப் பார்த்துச் செய்த, மாதக்கணக்கில் மெதுவாகக் கரையும் லியூப்ரோலைடு ஊசி புராஸ்டேட் புற்றுநோய்க்காரரின் டெஸ்டோஸ்டிரோனை அடக்குகிறது. ஏழு வயதுக்குள்ளேயே பருவமடையத் தொடங்கிவிட்ட சிறுமிக்கு அந்த மாற்றங்களை நிறுத்தி வைக்கிறது. உரிய வயதில் ஊசியை நிறுத்தினால், சில மாதங்களில் பருவ மாற்றங்கள் விட்ட இடத்திலிருந்து தொடர்கின்றன.