உள்ளத்துப் புண்ணும் போர்க்கள மருத்துவமும்

மார்பிற்பட்ட புண்ணை விழுப்புண் எனப் போற்றியும், முதுகிற்பட்டதைப் புறப்புண் என நாணியும் வந்தது பழந்தமிழ் மரபு. குருதி சிந்தாது உள்ளத்திற்படும் புண் இவ்விரண்டனுள் எதனைச் சாரும்? இவ்வினா 1914ஆம் ஆண்டு தொடங்கிய முதலாம் உலக மகாயுத்தத்தின்போது மேனாட்டு மருத்துவர்முன் பெரிதாக எழுந்தது.

பிரான்சு நாட்டு அகழிகளிற் பீரங்கிக் குண்டுகளுக்கிடையே நாட்கணக்காகக் கிடந்த பிரித்தானியப் போர்வீரர் பலர், உடலிற் காயமின்றியே பேச்சிழந்தனர், கைகால் நடுங்கினர், உறக்கத்தில் அலறினர். உளவியலறிஞர் சாள்ஸ் மையர்ஸ் இத்தகைய நோயாளர் மூவரைப்பற்றி 1915ஆம் ஆண்டு 'லான்செற்' என்னும் மருத்துவ இதழில் எழுதியபோது, 'ஷெல் ஷொக்', அஃதாவது குண்டதிர்ச்சி, என்னும் பெயரை ஆண்டார். குண்டின் அதிர்வே நோய்க்குக் காரணமென முதலிற் பலர் கருதினர். ஆயின், குண்டு வெடித்தவிடத்திற்கு அணித்தாக இராதோரும் அந்நோயுற்றனர். எனவே, நீடித்த அச்சமும் துயரும் களைப்புமே பெரும்பாலும் காரணமாதல் தெளிவாயிற்று.

காரணம் உள்ளத்திலுளது என்றதும், இது நோயோ கோழைமையோ என்னும் ஐயம் படைத்தலைவரிடையே தோன்றியது. அதன் விளைவு கொடிது. களத்தைவிட்டு ஓடியமை, கோழைமை முதலிய குற்றங்களுக்காகச் சுட்டுக் கொல்லப்பட்ட 306 பேருக்குப் பிரித்தானியப் பாராளுமன்றம் 2006ஆம் ஆண்டிலேதான் மன்னிப்பளித்தது. அவருட் சிலரேனும் உளநோயாளரே என்பது இன்று பரவலாக ஏற்கப்படுகின்றது.

நோயென்றே கொண்டு பரிகாரம் தேடியவருள் தலையாயவர் றிவர்ஸ். நீலகிரித் தோடரிடையே ஆராய்ச்சி செய்து 1906ஆம் ஆண்டு நூல் வெளியிட்டவரும் இவரே. எடின்பரோ நகரையடுத்த கிறெயிக்லொக்காட் வைத்தியசாலையில் இவர் படை அதிகாரிகளுக்குச் சிகிச்சை அளித்தார். நடந்ததை மறந்துவிடுமாறு நோயாளிக்கு அறிவுறுத்துவதே அக்கால வழக்கு. பகலில் வலிந்து அடக்கிய நினைவு இரவிற் கொடுங்கனவாக மீளும் என்பதை அறிந்த றிவர்ஸ், அதனைச் சிறிது சிறிதாகப் பேசவைத்துத் தாங்கத்தக்கதாக்கினார்.

களத்திற்கு அணித்தாகவே, காலந்தாழ்த்தாது, ஓய்வும் உணவும் உறக்கமும் அளித்து, குணமடைவான் என்னும் நம்பிக்கையையும் ஊட்டினால் வீரருட் பலர் தேறுவர் என்பதும் அந்த யுத்தத்திற் கற்ற பாடமாகும். அமெரிக்கப் படையில் இம்முறையை அமைத்தவர் தோமஸ் சால்மன்.

எனினும், இங்கு ஓர் அறச்சிக்கல் உளது. மருத்துவன் நோயாளியின் நலத்தை நாடுகிறான். படையோ அவன் களத்திற்கு மீளுதலை நாடுகிறது. கிறெயிக்லொக்காட்டில் ஆதர் புறொக் என்னும் மருத்துவரிடம் சிகிச்சைபெற்றுத் தேறிய கவிஞர் வில்பிரட் ஓவன் மீண்டுங் களம் புகுந்தார். 1918 நவம்பர் 4ஆந் திகதி கொல்லப்பட்டார். ஒரு கிழமையிற் போர் ஓய்ந்தது. குணமடைந்தமையே அவரை மரணத்தின் வாயிலுக்கு இட்டுச்சென்றது.

வியட்நாம் யுத்தத்தின் பின்னர், 1980ஆம் ஆண்டில், அமெரிக்க உளமருத்துவர் சங்கம் இத்துன்பத்தின் நெடுங்கால விளைவைத் தனிநோயாகத் தன் நோய்ப்பட்டியலிற் சேர்த்தது. பெயர்கள் மாறின, புண் ஒன்றே. கோழையென்றால் தண்டனையும், நோயாளியென்றால் பரிகாரமும் கிடைத்தன. ஆதலின், துன்புற்றவனுக்கு நாம் இடும் பெயரே அவனுக்குச் செய்யும் முதல் மருத்துவமாகும்.