தானியத்தில் பூஞ்ச நஞ்சும் சோதனைக்கு மாதிரி எடுக்கும் முறையும்

அறுவடைக் காலத்தில் மழையில் நனைந்த மக்காச்சோளத்தைக் களத்தில் இரண்டொரு நாள் காயவைத்து, ஒரு கைப்பிடி அள்ளி முகர்ந்து, இரண்டு மணிகளைப் பல்லில் கடித்துப் பார்த்து, 'சரக்கு நன்று' என்று தீர்மானிப்பது குடியானவர்களிடையே தொன்றுதொட்டு வரும் வழக்கம். வண்டு, அந்து, கல், மண், சொத்தை முதலியவற்றைக் கண்டறிய இச்சோதனை போதுமானதே. ஆனால் பூஞ்சக்காளான் தானியத்தினுள் விட்டுச் செல்லும் நஞ்சைக் கண்டறிய இது சிறிதும் பயன்படாது. அந்நஞ்சு கண்ணுக்குப் புலனாவதில்லை. அதற்கென ஒரு மணமோ சுவையோ தெரிவதுமில்லை. மணியின்மேல் படர்ந்த பூஞ்சத்தைத் துடைத்துப் போக்கினாலும் உள்ளே ஊறிய நஞ்சு போகாது. சமைப்பதால் காளான் மடியுமேயன்றி நஞ்சின் பெரும்பகுதி அப்படியே நிற்கும்.

கம்புப் பயிரில் தோன்றும் தேனொழுகல் நோய் இவ்வகையில் குடியானவனுக்குச் சற்று அனுகூலமானது எனலாம். அந்நோயால் மணிக்குப் பதிலாக உண்டாகும் கரிய கட்டிகள் கண்ணுக்குத் தெரியும். உப்பு நீரில் இட்டால் அவை மேலே மிதக்க, அரித்து எறிந்துவிடலாம். மக்காச்சோளத்தில் மஞ்சள் கலந்த பச்சை நிறமாய்ப் படரும் ஆஸ்பர்ஜிலஸ் பிளேவஸ் என்னும் காளான் உண்டாக்கும் அஃப்ளாடாக்ஸின் என்ற நஞ்சுக்கு அத்தகைய எளிய பரிகாரம் கிடையாது.

இந்நஞ்சின் கொடுமையை நம் நாடு 1974ஆம் ஆண்டின் பிற்பகுதியில் கண்டது. இராஜஸ்தானத்தின் பான்ஸ்வாரா மாவட்டத்திலும், அந்நாளில் அதனை அடுத்திருந்த குஜராத்தின் பஞ்சமகால் மாவட்டத்திலும் 150க்கு மேற்பட்ட கிராமங்களில் மஞ்சட்காமாலையும் வயிற்றில் நீர்கோத்தலும் திடீரெனப் பரவின. மக்காச்சோளத்தையே முக்கிய ஆகாரமாகக் கொண்ட பழங்குடி மக்களே நோயுற்றனர். 397 பேர் பாதிக்கப்பட்டு, அவர்களுள் 106 பேர் மாண்டனர். அவ்வீடுகளில் மிச்சம் மீதி தின்ற நாய்களும் அதே நோய்க்கு இரையாயின. நீண்ட வறட்சியில் வாடிய பயிரின்மேல் அறுவடைக்கு முன் பருவந்தவறிய மழை பெய்ததும், ஈரங்காயாத தானியத்தைச் சேமித்து வைத்ததும் காரணங்களாகக் கூறப்பட்டன. அவ்வீடுகளிலிருந்து எடுத்த தானியத்தைச் சோதித்தபோது கிலோ ஒன்றுக்கு 6,250 முதல் 15,600 மைக்ரோகிராம் வரை நஞ்சு காணப்பட்டது. மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. இந்திய உணவு விதிகள் தானியங்களுக்கு அனுமதிக்கும் வரம்பு கிலோவுக்கு 15 மைக்ரோகிராம் என்பதை நோக்க, அம்மக்கள் உண்டது வரம்பினும் நானூறு மடங்குக்கு மேற்பட்டதென விளங்கும். அந்தத் தானியத்தை முன்னரே ஒருவர் சோதித்திருப்பின் எத்தனையோ உயிர்கள் பிழைத்திருக்கும்.

இவ்வளவு நுண்ணிய அளவையும் அளந்தறியும் வழி 1960ஆம் ஆண்டுக்குப் பின்னரே கைகூடிற்று. அவ்வாண்டு இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் மாண்டன. பிரேஸில் நாட்டிலிருந்து வந்த நிலக்கடலைப் பிண்ணாக்கே காரணமெனத் தெரிந்து, ஆராய்ச்சியாளர் அதிலிருந்து நஞ்சைப் பிரித்தெடுத்தனர். ஊதாக்கடந்த ஒளியில் அது நீலமாகவும் பச்சையாகவும் ஒளிர்ந்தமையால் அளப்பதற்கும் வழி பிறந்தது. இன்று சோதனைச்சாலையில் தானியத்தை மாவாக்கி, மெதனால் போன்ற திரவத்தில் நஞ்சைக் கரைத்தெடுத்து, வடித்துத் தூய்மை செய்து, கருவியில் அளக்கின்றனர். சில நிமிடங்களில் விடை தரும் பட்டைகளும் விற்பனையில் உள்ளன. கொள்முதல் நிலையத்தில் ஐயத்துக்குரிய சரக்கைப் பிரித்து நிறுத்த அவை உதவும். வழக்கு ஏற்படின் சோதனைச்சாலையின் அளவீடே வேண்டும்.

கருவிகள் எத்துணைச் சிறந்தனவாயினும், அவற்றிடம் சேரும் மாதிரி சரியில்லையெனில் முடிவும் சரியாயிராது. பெரும்பாலான தவறுகள் கருவியில் அன்று, மூட்டையின் வாயிலேயே நிகழ்கின்றன. காரணம் யாதெனில், இந்நஞ்சு தானியத்தில் சர்க்கரை பாலில் கரைந்தாற்போல் சமமாகப் பரவியிருப்பதில்லை. ஆயிரக்கணக்கான மணிகள் குற்றமற்றிருக்க, எங்கோ சில மணிகளில் மட்டும் மிகுதியாகத் திரண்டிருக்கும். தனி மக்காச்சோள மணி ஒன்றில் கிலோவுக்கு நான்கு லட்சம் மைக்ரோகிராம் என்ற விகிதத்தில் நஞ்சிருந்ததை ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். மணியின் எடை ஏறக்குறைய கிராமில் பத்தில் மூன்று பங்கு எனக் கொண்டால், அந்த ஒரே மணியில் 120 மைக்ரோகிராம் நஞ்சு அடங்கும். எட்டுக் கிலோ நல்ல தானியத்துடன் அது கலந்தால், அவ்வெட்டுக் கிலோவும் வரம்பின் விளிம்பில் வந்து நிற்கும். எட்டுக் கிலோவில் மணிகள் இருபத்தாறாயிரத்துக்கு மேல். அதிலிருந்து 100 கிராம் அள்ளினால், அந்த மணி கையில் அகப்படுவது எண்பதில் ஒரு முறையே. மற்ற எழுபத்தொன்பது முறையும் சோதனைச்சாலை 'நஞ்சில்லை' என்றே எழுதும். எண்பதாவது முறை, மணி அகப்பட்டுவிட்டால், வரம்பினும் எண்பது மடங்கு இருப்பதாக எழுதி முழுச் சரக்கையும் ஒதுக்கச் செய்யும். இரண்டுமே உண்மையன்று. ஒரே சரக்கைப் பற்றி வியாபாரியின் சீட்டும் குடியானவனின் சீட்டும் முரண்படுவதற்கு வஞ்சகத்தைக் காட்டிலும் இக்கணக்கே பெரும்பாலும் காரணம்.

ஆகவேதான் ஐரோப்பிய ஒன்றியம் 2006ஆம் ஆண்டில் வகுத்த விதியில், 50 டன்னுக்கு மேற்பட்ட தானியக் குவியலில் நூறு இடங்களிலிருந்து சிறிது சிறிதாக எடுத்து, மொத்தம் 10 கிலோ சேர்க்க வேண்டுமெனக் கண்டது. கிராமத்துச் சரக்குக்கு நூறு இடங்கள் வேண்டாம். கொள்கை மட்டும் ஒன்றே. மூட்டைகள் சிலவாயின் ஒவ்வொன்றிலும், மிகுதியாயின் அட்டியலின் மேல், நடு, அடி, ஓரம் என எல்லா வரிசையிலும் பரவலாகக் குத்தூசியால் எடுத்தல் வேண்டும். குத்தூசி மூட்டையின் நடுவரை செல்ல வேண்டும். வாயோரத்துத் தானியம் காற்றாடக் காய்ந்திருக்கும், ஈரம் உள்ளேதான் இருக்கும். தானியம் கொட்டப்படும்போதோ, லாரியில் ஏற்றப்படும்போதோ, விழும் தாரையின் குறுக்கே இடைவிட்டு இடைவிட்டு ஏந்தியெடுப்பது அதனினும் மேலானது. நல்ல மணிகளாகப் பொறுக்கியெடுப்பவர் தம்மையே ஏமாற்றிக்கொள்பவர்.

இவ்வாறு திரட்டியதை மணியாக இருக்கும்போதே குறைத்துவிடலாகாது. முழுவதையும் மாவாக அரைத்து, நன்கு கலந்த பின்னரே, சோதனைக்கு வேண்டிய சிறு பங்கைப் பிரிக்க வேண்டும். சோதனைச்சாலை எவ்வளவு மாதிரி ஏற்கும், அரைத்தலை அங்கேயே செய்வார்களா என்பதை முன்கூட்டிக் கேட்டறிதல் நலம். ஈரத் தானியத்தைப் பிளாஸ்டிக் பையில் கட்டினால் வழியிலேயே பூஞ்சம் வளர்ந்து, இல்லாத நஞ்சும் உண்டாகிவிடும். உலர்த்தித் துணிப்பையிலோ காகிதப்பையிலோ இட்டு, ஊர், இரகம், அறுவடை நாள், சரக்கின் மொத்த எடை ஆகியவற்றை எழுதிய சீட்டை உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக வைத்தல் வேண்டும். விலைபற்றிய தகராறு இருப்பின், கிராம நிர்வாக அலுவலர் அல்லது ஊராட்சித் தலைவர் முன்னிலையில் இருதரப்பாரும் கூடி மாதிரி எடுத்து, முத்திரையிட்டு, ஒரு பகுதியை ஊரிலேயே வைத்துக்கொள்வது பின்னர் வரும் சச்சரவைத் தவிர்க்கும்.

பெரம்பலூர், அரியலூர்ப் பகுதி மக்காச்சோளம் பெரும்பாலும் கோழித் தீவனத்துக்கே செல்வதால், நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனப் பகுப்பாய்வுக்கென உள்ள சோதனைச்சாலையை அப்பகுதிக் குடியானவர்கள் அறிந்திருத்தல் நன்று. ஈரம் நூற்றுக்கு 14 பங்குக்கு மேற்படாமல் உலர்த்திய பின் சேமிப்பதே முதற்காப்பு. ஆயினும் வறட்சிக் காலத்தில் நஞ்சு வயலிலேயே புகுந்துவிடுவதுண்டாதலால், களத்தில் காய்ந்தது என்பதொன்றே சோதனைக்கு ஈடாகாது.

வரம்பை மீறியதென முடிவு வந்த தானியத்தை நல்ல தானியத்துடன் கலந்து அளவைக் குறைக்க முயல்வது கூடாது. அதனை 'மாட்டுக்காவது ஆகட்டும்' எனத் தொட்டியில் கொட்டுவதும் தவறு. கறவை மாடு தின்ற அஃப்ளாடாக்ஸினின் ஒரு பகுதி உருமாறிப் பாலில் வந்துசேரும். பாலுக்கு விதிகள் அனுமதிப்பது கிலோவுக்கு அரை மைக்ரோகிராம் மட்டுமே. ஒதுக்கிய சரக்கைத் தனியே அடையாளமிட்டு வைத்து, வேளாண்மை உதவி அலுவலரிடம் சோதனைச் சீட்டைக் காட்டி, அவர் கூறும் முறைப்படி அப்புறப்படுத்த வேண்டும்.