சொல்லிவிட்டுப் போங்கள்

தலவிலைக்கு நாடே குடும்பம் குடும்பமாக வருகிறது. மார்ச்சிலும் ஆகஸ்ட்டிலும் அன்னம்மாள் பெருவிழா என்றால் பாய், பானை, பால்மா, ஏணைச் சேலை எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு வந்து, கோயில் வளவு மரங்களுக்குக் கீழே நாட்கணக்கில் தங்குவார்கள். ஆனால் இந்தக் கரையிலேயே குடியிருக்கும் இளம் புருஷனும் பெண்சாதியும் இரண்டு பேராக ஓர் இரவு கொழும்புக்குப் போய் வரலாம் என்று வாய் திறந்தால், "பிள்ளையை என்ன செய்யப் போறீங்க?" என்ற கேள்விதான் முதலில் வரும்.

நியாயமான கேள்வி. தேத்தண்ணியை ஊற்றி வைத்துக்கொண்டு ஆறுதலாகக் கதைக்க வேண்டிய கேள்வி. வழக்கமாக வரும் பதில்கள் இரண்டும் எனக்குச் சரியாகப் படவில்லை. ஒன்று, பிள்ளை வளரும்வரை எங்கேயும் போகாதீர்கள் என்பது. மற்றது, பிள்ளையை நித்திரையாக்கிவிட்டுப் பின்வாசலால் போய்விடுங்கள் என்பது. இரண்டாவதுதான் கூடுதல் கெடுதல்.

போகத்தான் வேண்டுமா? வேண்டும் என்பேன். 1957இல் லெமாஸ்டர்ஸ் என்ற அமெரிக்க சமூகவியலாளர் 46 தம்பதிகளிடம் முதல் பிள்ளை பிறந்த பிறகு வாழ்க்கை எப்படி என்று விசாரித்தார். 38 தம்பதிகள் அதைக் கடுமையான நெருக்கடி என்றே சொன்னார்கள். அவர்களில் பெரும்பாலானோர் ஆசைப்பட்டுப் பெற்ற பிள்ளைகள்தான் அவை. நம் கரையில் இதற்கு இன்னொரு கோணமும் உண்டு. கடலுக்குப் போகிறவர் விடியற்புறம் கரைக்கு வந்து பகலில் படுப்பார், இவள் இரவு முழுக்கப் பிள்ளையோடு விழித்திருப்பாள். ஒரே வீட்டில் இருந்தும் இரண்டு பேரும் ஒருவரையொருவர் முழிப்பாகப் பார்ப்பதே குறைவு. கதைத்தாலும் காய்ச்சல், கடன், கிளினிக் நாள், பால்மா விலை. ஒரு நாள் வேறு ஏதாவது கதைக்கக் கிடைத்தால் அதில் பிள்ளைக்கும் நன்மை இருக்கிறது.

சரி, பிள்ளைக்கு என்ன ஆகும்? இதை யாரையும்விடப் பொறுமையாகக் கவனித்தவர்கள் இங்கிலாந்தின் ஜேம்ஸ் ரொபர்ட்சன், ஜோய்ஸ் ரொபர்ட்சன் தம்பதியர். 1952இல் ஜேம்ஸ் ஒரு படம் காட்டினார். இரண்டரை வயதை எட்டாத ஒரு பெண்பிள்ளை சின்ன சத்திரசிகிச்சைக்காக எட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். அந்தக் காலத்தில் தாய் கூடத் தங்க முடியாது. பிள்ளை பெரிதாகக் கத்தவில்லை, அடங்கிப் போகிறாள். அந்த அடக்கம்தான் பார்த்தவர்களை உலுக்கியது. பிறகு 1960களின் கடைசியில் இருவரும் நாலு சின்னப் பிள்ளைகளை, தாய்மார் பிரசவத்துக்குப் போன நாட்களில், ஒவ்வொருவராகத் தங்கள் வீட்டிலேயே வைத்துப் பார்த்தார்கள். முன்கூட்டியே பிள்ளையை வரவழைத்துப் பழக்கினார்கள். அதன் சாமான்களைக் கூடவே கொண்டுவரச் செய்தார்கள், அதன் வீட்டு வழக்கங்களையே பின்பற்றினார்கள், அம்மாவைப் பற்றி ஒளிக்காமல் பேசினார்கள். அந்தப் பிள்ளைகளும் ஏங்கின, ஆனால் சமாளித்தன. அதே காலத்தில் ஜோன் என்ற 17 மாதப் பிள்ளை ஒன்பது நாள் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் இருந்தது. அங்கே அன்பான தாதிமார் பலர் இருந்தார்கள், ஆனால் வேலை முறைக்கு ஆள் மாறிக்கொண்டே இருந்தார்கள். அந்தப் பிள்ளை உடைந்துபோனது.

இதில் எனக்குப் புரிவது இதுதான்: யாரிடம் விடுகிறோம், எப்படி விடுகிறோம் என்பதே பெரிய காரியம். தெரிந்த ஓர் ஆள், தெரிந்த பாய், தெரிந்த சாப்பாடு. நம்மிடம் அதற்கு அம்மம்மா இருக்கிறார், முஸ்லிம் வீடுகளில் உம்மும்மா இருக்கிறார். தலவிலைக் கோயிலின் புனிதையே மரியாளின் தாய், யேசுவுக்கு அம்மம்மா முறை. பாப்பரசர் பிரான்சிஸ் 2021இல் பாட்டன் பாட்டிமாருக்கென ஓர் உலக நாளை ஏற்படுத்தியபோது, ஜூலை 26 அன்னம்மாள், சுவக்கீன் திருநாளை ஒட்டி வரும் ஜூலை நாலாம் ஞாயிறைத்தான் தேர்ந்தார்.

ஆனால் அந்த அம்மம்மாவை ஓர் உரிமைப் பொருளாக எடுத்துக்கொள்ளாதீர்கள். முழங்கால் வலியோடு பிள்ளையின் பின்னால் ஓடுவது லேசான வேலை அல்ல. முதலில் அவரைக் கேளுங்கள், அவர் தயங்கினால் நாளை மாற்றுங்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்தப் பக்கத்தில் எத்தனையோ தாய்மார் வளைகுடா நாடுகளுக்கு வீட்டு வேலைக்குப் போயிருக்கிறார்கள். எத்தனையோ பிள்ளைகள் வருடக்கணக்கில் பாட்டியின் கையில் வளர்கின்றன. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை உள்ள தாய் போவதைத் தடுக்க அரசாங்கம் 2013இல் குடும்பப் பின்னணி அறிக்கை கொண்டுவந்தது, 2022இல் பொருளாதாரம் விழுந்தபோது அந்த வயதை இரண்டாகக் குறைத்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் அம்மா வானில் ஏறிப் போனதையும் வராததையும் உங்கள் பிள்ளை பார்த்திருக்கலாம். நாலு வயதுப் பிள்ளைக்கு "அம்மா கொழும்புக்குப் போறா" என்பது அந்த நினைவோடு சேர்ந்துதான் காதில் விழும். அதனால்தான் ஒளித்துப் போகக் கூடாது என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். கண்விழித்துப் பார்க்கும்போது அம்மா காணாமல் போயிருந்தால், அடுத்த நாளிலிருந்து அது நித்திரைக்கே பயப்படும்.

எப்படிச் சொல்வது? "நாளைக்கு வருவோம்" என்றால் இரண்டு வயதுக்கு விளங்காது. "இண்டைக்கு அம்மம்மாவோட படுப்பாய். காலம எழும்பி இடியப்பம் சாப்பிடுவாய். கோழிக்குத் தீன் போடுவாய். பகல் படுத்து எழும்ப நாங்க வந்திருப்போம்." இப்படிப் பிள்ளையின் நாளை வைத்தே சொல்லுங்கள். அழும், அழட்டும். அழுகையோடு கை காட்டிவிட்டுப் போகலாம். நீங்கள் உடுத்துக் களைந்த சேலையோ சட்டையோ ஒன்றைப் படுக்கையில் விட்டுப் போங்கள், அந்த வாசம் உதவும். படுக்கப் போகும் நேரத்தில் வீடியோ கோல் எடுக்காதீர்கள், அடங்கின பிள்ளை திரும்பவும் கிளறுபடும். சாப்பாட்டு நேரத்தில் எடுங்கள்.

பிள்ளைக்கு ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பால் மட்டும்தான், அந்தக் காலத்தில் இந்தப் பேச்சே வேண்டாம். எட்டு மாதத்துக்கும் ஒன்றரை வயதுக்கும் இடையில் தாயைப் பிரியும் பயம் உச்சத்தில் இருக்கும். அப்போது காலையில் போய்ப் பின்னேரம் திரும்பும் பயணம் போதும், சிலாபமோ புத்தளமோ. ஓர் இரவுப் பயணத்தை இரண்டு வயதுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு முன் இரண்டொரு தரம் அம்மம்மா வீட்டில் படுத்துப் பழகியிருக்கட்டும். கிளினிக் கார்ட், பிள்ளையின் எடைக்கு எவ்வளவு பனடோல் சிரப் என்று எழுதிய கடதாசி, 1990 அம்புலன்ஸ் இலக்கம் மூன்றும் சுவரில் ஒட்டியிருக்க வேண்டும். கிணற்றுக்குக் கட்டு இல்லாவிட்டால் மூடிவிட்டுத்தான் வெளிக்கிட வேண்டும்.

சோழகக் காற்று அடித்துக் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் வள்ளம் கரையில் கிடக்கும். மீன்பிடிக் குடும்பத்துக்கு அதுதான் தோதான காலம். கற்பிட்டியில் விடுதி வேலை செய்கிறவருக்கோ அப்போதுதான் கைட் சேர்ஃபிங்குக்கு ஆட்கள் வருவார்கள், மூச்சுவிட நேரம் இராது. அவர்கள் வேறு காலம் பார்க்க வேண்டும். போயா சேர்ந்த நீண்ட விடுமுறை மட்டும் வேண்டாம், பஸ்ஸில் நிற்கவும் இடம் இருக்காது. பாலாவிச் சந்தி வழியாகக் கொழும்பு ஏறத்தாழ 150 கிலோமீற்றர், பஸ்ஸில் நாலு மணித்தியாலத்துக்குக் குறையாது.

கொழும்பில் செய்யக் கூடாத ஒன்றைச் சொல்கிறேன்: இறங்கியதும் புறக்கோட்டைக்குப் போகாதீர்கள். போனால் பிள்ளைக்குச் சட்டை, பிள்ளைக்குச் சப்பாத்து என்று நாள் அங்கேயே முடிந்துவிடும். அதைத் திரும்பும்போது கடைசி மணித்தியாலத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். தாமரைக் கோபுரம் 2022இலிருந்து திறந்திருக்கிறது, ஆசை இருந்தால் ஏறலாம். என் தெரிவு, பின்னேரம் காலிமுகத்திடல். கடலிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு அங்கே என்ன என்று கேட்பீர்கள். நம் கடல் வேலை செய்யும் இடம். காற்று மாறினால் கணக்குப் போடுவோம், வள்ளம் வந்தால் பாடு எப்படி என்று ஓடிப் பார்ப்போம். அங்கே கடலிடம் கேட்க ஒன்றும் இல்லை. இறால் வடையைக் கடதாசியில் வாங்கி, மிளகாயும் வெங்காயமும் ஒழுக ஒழுகச் சாப்பிட்டுக்கொண்டு சும்மா நடக்கலாம். 1859இல் ஆளுநர் ஹென்றி வோர்ட் கட்டி முடித்த நடைபாதை அது. கொழும்பின் பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமாக இதைப் பேணுங்கள் என்று தனக்குப் பின் வருபவர்களுக்குக் கல்லில் பொறித்துவிட்டுப் போனார். பட்டம் விடும் பிள்ளைகளைப் பார்த்து உங்கள் பிள்ளை நினைவு வரும். வந்தால் இரண்டு பேரும் அதைக் கதையுங்கள், அதில் குற்றம் இல்லை.

சொன்ன நேரத்துக்குத் திரும்புங்கள். பஸ் பிந்தினால் போன் எடுத்துப் பிள்ளையிடமே சொல்லுங்கள். வீட்டுக்குள் வந்ததும் பிள்ளை ஓடி வராமல் அம்மம்மாவின் சேலைக்குப் பின்னால் முகத்தை ஒளிக்கலாம், கொண்டுவந்த விளையாட்டுச் சாமானைத் தட்டியும் விடலாம். கோபம் அது, பாசம் குறைந்ததல்ல. பக்கத்தில் போய் இருங்கள், அவசரப்படுத்தாதீர்கள். இரண்டொரு நாள் ஒட்டிக்கொண்டே திரியும், இரவில் எழும்பிக் கூப்பிட்டுப் பார்க்கும். கிழமைக்கணக்கில் அப்படியே இருந்தால் மட்டும் கிளினிக்கில் மிட்வைஃப் மிஸ்ஸிடம் சொல்லுங்கள்.