குடோன் கட்டும் முன் மூட்டையை எண்ணுங்கள்!

குரங்கணி அடிவாரத்தில் வாடகை அறைகள் ஓடுமா? ஒரு தேவைக் கணக்கு

போடிநாயக்கனூரிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது குரங்கணி. முதுவாக்குடி, சென்ட்ரல் ஸ்டேஷன் போன்ற மலைக் கிராமங்களுக்கு ஏறும் பாதைகள் இங்கேதான் தொடங்குகின்றன. காபி, மிளகு, ஏலக்காய் மூட்டைகள் மேலிருந்து இந்த வழியாகத்தான் இறங்குகின்றன. 'இறங்கிய மூட்டையை நல்ல விலை வரும்வரை வைக்க இங்கே ஓர் இடம் இருந்தால் என்ன?' என்ற யோசனை அடிவாரத்தில் நிலமோ பழைய கட்டடமோ வைத்திருப்பவர்களுக்கு வருவது இயல்பு.

பெருநகரங்களில் வீட்டுச் சாமான் வைக்கச் சிறு அறைகளை மாத வாடகைக்கு விடுகிறார்கள். பூட்டும் சாவியும் வாடகைக்காரரிடமே இருக்கும். அதே முறையை விளைபொருளுக்கும் செய்யலாம். ஆனால், கட்டிய பிறகு மூட்டை வருமா என்பதைக் கட்டுவதற்கு முன்பே கணக்குப் போட வேண்டும்.

ஊரின் பெயரே சொல்லும் பாடம்

சென்ட்ரல் ஸ்டேஷன் என்ற பெயர் ரயிலால் வந்ததல்ல. வெள்ளைக்காரர் காலத்தில் மூணாறு தேயிலை, டாப் ஸ்டேஷனிலிருந்து ரோப்வே மூலம் கோட்டகுடிப் பக்கம் இறங்கியது. அங்கிருந்து மாட்டு வண்டியில் போடிக்குப் போனது. அந்த ரோப்வேயின் இடைநிலையம்தான் சென்ட்ரல் ஸ்டேஷன். சரக்கு ஒரு வாகனத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும் இடத்தில் கிடங்கு தேவைப்பட்டது. 1924 பெருவெள்ளத்தில் மூணாறு - டாப் ஸ்டேஷன் ரயில் பாதை அழிந்தது. பிறகு சரக்கு வேறு வழியில் போனது. வழி மாறினால் கிடங்கின் தேவையும் மாறிவிடும்.

விளைச்சல் வேறு, தேவை வேறு

'எங்கள் பக்கம் இத்தனை டன் விளைகிறது' என்று தொடங்குவதுதான் பலரும் செய்யும் தவறு. விளைந்ததெல்லாம் குடோனுக்கு வராது. பச்சையாகவே விற்பவர், காய்ந்தவுடன் விற்பவர், வியாபாரியிடம் முன்பணம் வாங்கியவர், வீட்டிலேயே இடம் உள்ளவர் என எல்லோரையும் கழித்தால் மிஞ்சுவதுதான் தேவை.

பொருளையும் பார்க்க வேண்டும். ஏலக்காய்க்கு இடம் குறைவு, மதிப்பு அதிகம். ஒரு லிட்டர் அளவில் ஏறக்குறைய 400 கிராம் பிடிக்கும். 100 கிலோவை அறையின் ஒரு மூலையில் அடுக்கிவிடலாம். திருட்டு பயம் இருப்பதால் 'என் பூட்டு, என் சாவி' என்பதற்கு வாடகை கொடுப்பார்கள். இலவம்பஞ்சு இதற்கு நேர் எதிர். அறையையே அடைத்துக்கொள்ளும், வாடகை கட்டுப்படியாகாது.

மாதக் கணக்கு

ஏலக்காய் அறுவடை பெரும்பாலும் ஆடி, ஆவணியில் தொடங்கித் தை, மாசி வரை போகும். காபி கார்த்திகையிலிருந்து, மிளகு மார்கழியிலிருந்து வரும். மூன்றும் சேரும் மார்கழி, தை மாதங்களில் அறை கேட்டு ஆள் வரும். சித்திரை, வைகாசியில் அறைகள் காலியாகக் கிடக்கும். மார்கழிக் கூட்டத்தைப் பார்த்து அறைகளைக் கட்டினால் மீதி மாதங்களில் வட்டிதான் ஏறும்.

ஓர் உதாரணக் கணக்கு

40 வீடுகளில் விசாரிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 'குடோன் வந்தால் நல்லதா?' என்று கேட்டால் 25 பேர் 'நல்லதுதானே, கட்டுங்க' என்பார்கள். அதை நம்ப வேண்டாம். 'போன வருஷம் எத்தனை மூட்டையை ஒரு மாதத்துக்கு மேல் விற்காமல் வைத்திருந்தீர்கள்?' என்று கேளுங்கள். 12 பேர் தேறலாம். அதில் 4 பேர் வியாபாரியிடம் முன்பணம் வாங்கியவர்கள். 2 பேருக்குச் சரக்கின் பேரில் கடன் வேண்டும். அவர்கள் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தின் பொருளீட்டுக் கடனையோ, பதிவு பெற்ற கிடங்கின் ரசீதையோ நாடுவார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் சான்று தராத பூட்டறைக்கு அந்தக் கடன் கிடைக்காது. மிஞ்சுவது 6 பேர்.

அந்த 6 பேரும் ஆண்டுக்கு 5 மாதம் வைத்தால் 30 அறை-மாதம். மாத வாடகை 800 ரூபாய் என்றால் வருமானம் 24,000 ரூபாய். நீங்கள் 6 லட்சம் கடன் வாங்கி 10 அறை கட்டியிருந்தால், 6 சதவிகித வட்டியே 36,000 ரூபாய். காவல், மின்சாரம், பராமரிப்பு தனி. 120 அறை-மாதத்தில் கால் பங்குதான் நிரம்பியிருக்கிறது.

மத்திய அரசு 2020-ல் தொடங்கிய வேளாண் உட்கட்டமைப்பு நிதியில், 2 கோடி ரூபாய் வரையிலான கடனுக்கு 3 சதவிகித வட்டிச் சலுகை 7 ஆண்டுகள் வரை உண்டு. சலுகை வட்டியைக் குறைக்கும், மூட்டையைக் கொண்டுவராது.

விலையும் ஈரமும்

2019 ஆகஸ்டில் ஏலத்தில் கிலோ 7,000 ரூபாயைத் தொட்ட ஏலக்காய், 2022-ல் ஆயிரத்துக்கும் கீழே இறங்கியது. வைத்திருந்து கையைச் சுட்டுக்கொண்டவர்கள் அடுத்த வருஷம் உடனே விற்றுவிடுவார்கள். ஆகவே ஒரு வருஷத்தை மட்டும் வைத்துக் கணக்கிடாமல், மூன்று வருஷப் பழக்கத்தைக் கேளுங்கள்.

வைத்த சரக்கு கெட்டால் மறுவருஷம் ஒருவரும் வரமாட்டார்கள். ஏலக்காயை 10 சதவிகித அளவு ஈரத்துக்குக் காயவைத்து, கறுப்பு பாலித்தீன் உறையிட்ட சாக்கில், வெளிச்சம் படாமல் வைத்தால்தான் பச்சை நிறம் நிற்கும். காபி பக்கத்து வாசனையை இழுத்துக்கொள்ளும். அதற்குத் தனி அறை வேண்டும். உரமும் பூச்சிமருந்தும் அந்தக் கட்டடத்துக்குள்ளேயே வரக் கூடாது.

சிறிதாகத் தொடங்குங்கள்

ஏல மையம் போடியில் இருக்கிறது. விற்கும் வழியில் இருக்கும் அறைக்குத்தான் சரக்கு வரும். ஆகவே 'குரங்கணியில் வைப்பீர்களா, போடியில் வைப்பீர்களா?' என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு ஒழுகாத பழைய வீடு ஒன்றைப் பிடித்து, நான்கு அறைகளை மட்டும் ஒரு பருவத்துக்கு விட்டுப் பாருங்கள். ஒரு மாத வாடகையை முன்பணமாகக் கேளுங்கள். தலையாட்டியவர்களை விட்டுவிட்டு, பணம் கட்டியவர்களை மட்டும் எண்ணுங்கள். நான்கு அறையும் நிரம்பி, ஐந்தாவது ஆள் காத்திருந்தால் அப்போது செங்கல் வாங்கலாம்.