புளிக்காத மாவு, புளித்துப்போகும் கிம்ச்சி

சென்னையிலிருந்து வரும் மின்சார ரயிலுக்குச் செங்கல்பட்டுக்கு முந்தைய நிறுத்தம் பரனூர். நிலையத்தை ஒட்டி மஹிந்திரா வேர்ல்டு சிட்டி விரிந்து கிடக்கிறது. ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ 2007-ல் இங்கே கார் ஆலையைத் தொடங்கியது. ஜப்பானிய நிறுவனங்களும் இங்கே உண்டு. சிங்கப்பெருமாள்கோவிலில் திரும்பினால் ஒரகடம், அங்கே ரெனோ, நிஸான் கார்களைச் செய்யும் ஆலை. அதையும் தாண்டினால் ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஹூண்டாய். 1996-ல் ஹூண்டாய் வந்தபோது அந்த நிலமெல்லாம் செங்கை எம்.ஜி.ஆர் மாவட்டம். அடுத்த ஆண்டு அது காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று இரண்டாகப் பிரிந்தது. 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமானது.

ஆலைகளோடு ஆட்களும் வந்தார்கள். சில ஆண்டு வேலைக்காக வரும் பொறியாளர்கள், மேலாளர்கள். சிலர் குடும்பத்தோடு, பலர் தனியாக. பகலெல்லாம் வேலை பிடித்துக்கொள்ளும். இரவு அறைக்குத் திரும்பியதும் நாக்கு கேட்கத் தொடங்கும். அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் சாலைகளில் கொரிய எழுத்துப் பலகை மாட்டிய சாப்பாட்டுக் கடைகளும், ஜப்பானிய விருந்தினர்களுக்கென்றே சமையல்காரர் வைத்த விடுதிகளும் முளைத்தன.

பிழைக்கப் போன இடத்தில் ஊர்ச் சாப்பாட்டைத் தேடி அலைவது என்றதும் துபாயிலும் டொரான்டோவிலும் இருக்கும் நம் வீட்டுப் பிள்ளைகள்தான் நினைவுக்கு வருவார்கள். அதே தேடல் நம் வாசலிலேயே, எதிர்த் திசையில் நடக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், இது வெறும் நாக்கு ருசி விவகாரம் இல்லை என்பது தெரியும். தட்பவெப்பம், நெல் ரகம், நுண்ணுயிர், சுங்கச் சட்டம் எல்லாம் இதில் அடங்கியிருக்கிறது.

முதலில் கிம்ச்சி. கொரியச் சாப்பாட்டில் அது இல்லாத வேளை இல்லை. நீளமான சீன முட்டைக்கோஸை உப்பில் ஊறவைத்து, கொரிய மிளகாய்த் தூள், பூண்டு, இஞ்சி, உப்பில் நொதித்த பொடி இறால் எல்லாம் பூசி, புளிக்க வைப்பார்கள். பனிக்காலம் வருமுன் குடும்பமும் அக்கம்பக்கமும் கூடி ஒன்றாகக் கிம்ச்சி போடும் வழக்கத்துக்கு கிம்ஜாங் என்று பெயர். 2013-ல் யுனெஸ்கோ அதை மனித குலத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாகச் சேர்த்தது. அதே ஆண்டில் ஜப்பானிய மரபுச் சமையலும் அந்தப் பட்டியலில் ஏறியது.

கொரியாவில் கிம்ச்சிப் பானையை மண்ணுக்குள் புதைத்து வைப்பது பழைய முறை. பனிக்காலத்து மண் அதைக் குளிர்சாதனப் பெட்டிபோல் காக்கும். கிம்ச்சிக்கென்றே தனிக் குளிர்பெட்டிகள் 1990-களிலிருந்து அங்கே வீடுகளில் பரவின. செங்கல்பட்டுச் சித்திரை வெயிலில் அந்தப் பானையை வெளியே வைத்தால், வாரக்கணக்கில் மெல்ல ஏற வேண்டிய புளிப்பு ஓரிரு நாளிலேயே ஏறிவிடும். இலை துவளும், வாடை தூக்கும்.

இனி டொரான்டோவுக்குப் போவோம். ஜனவரி மாதம். வெளியே உறைபனி. தமிழ் வீட்டு அடுப்படியில் இட்லி மாவு அரைத்து வைத்தால், விடிந்து பார்க்கும்போது வைத்தபடியே கிடக்கும். பொங்காது, புளிக்காது. அதனால் மின் அடுப்பின் உள்விளக்கை எரியவிட்டு, அந்த லேசான சூட்டில் மாவுப் பாத்திரத்தை இரவு முழுக்க வைக்கிறார்கள். குளிர்நாட்டில் குடியேறிய ஏறத்தாழ எல்லாத் தமிழ் வீடுகளிலும் இந்த வித்தை தெரியும்.

இந்த இரண்டு வீட்டுப் புளிப்பிலும் பங்குள்ள ஒரு நுண்ணுயிர் உண்டு. பெயர் லியூகோநோஸ்டாக் மெசென்டிராய்ட்ஸ். இட்லி மாவைப் பொங்க வைப்பதில் இதன் பங்கு என்ன என்பதை 1965-ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் விளக்கி எழுதினார்கள். கிம்ச்சி புளிக்கத் தொடங்கும் கட்டத்தில் முன்னால் நிற்பதும் இதுவே. டொரான்டோவில் புளிப்பு தூங்குகிறது, செங்கல்பட்டில் அது துள்ளுகிறது. தமிழர் சூடு தேடுகிறார், கொரியர் குளிர் தேடுகிறார்.

பொடி இறாலும் அப்படித்தான். கிம்ச்சியில் போடும் இறால் உப்பில் நொதித்தது. அதன் நெருங்கிய உறவுதான் நம் கருவாட்டுக் கடைகளில் படியில் அளந்து தரும் சென்னாகுன்னி. கொரியர்கள் உப்புப் பானையில் அடைக்கிறார்கள், நம் கடற்கரையில் மணலில் விரித்துக் காயவைக்கிறார்கள். ஆனால் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போட்டால் ருசி வராது. மிளகாயிலும் அதே தொல்லை. கொரிய மிளகாய்த் தூளுக்கு நிறம் அதிகம், காரம் மிதம். நம் குண்டு மிளகாயை அந்த அளவுக்குப் போட்டால் வாயில் வைக்க முடியாது. நிறத்துக்குக் காஷ்மீரி மிளகாயைச் சேர்த்துச் சமாளிக்கலாம். முழு ருசி வேண்டுமென்றால் இறக்குமதிப் பொட்டலம்தான்.

ஜப்பானியருக்குக் கவலை சோற்றில் தொடங்குகிறது. அவர்கள் அரிசி குட்டை. வெந்ததும் ஒன்றோடொன்று பற்றிக்கொள்ளும். அப்போதுதான் குச்சியால் எடுத்துச் சாப்பிட முடியும். நாமோ சோறு பருக்கை பருக்கையாக உதிர வேண்டும் என்போம், அப்போதுதான் குழம்பை ஏற்கும். வித்தியாசம் அரிசியின் மாவுச்சத்தில் இருக்கிறது. அமைலோஸ் என்ற பகுதி குறைந்தால் சோறு ஒட்டும், கூடினால் உதிரும். செங்கல்பட்டுச் சிறுமணி என்று ஊர்ப் பெயரிலேயே நெல் ரகம் வைத்திருக்கும் மண் இது. ஏரிப் பாசனத்தில் நெல் விளையும் இந்த வட்டாரத்தில், ஒரு ஜப்பானியக் குடும்பம் தனக்குப் பிடித்த அரிசியைக் கடல் கடந்து வரவழைக்க வேண்டியிருக்கிறது.

இதில் பலரும் அறியாத ஒரு உறவு இருக்கிறது. வெளிநாட்டில் நம்மவர்கள் தேடித் தேடி வாங்கும் பொன்னி அரிசியின் பெற்றோர்களில் ஒன்று ஜப்பானிக்கா வகை. 1950-களில் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் ஆதரவில், இந்திய வகை நெல்லையும் ஜப்பானிய வகை நெல்லையும் கலக்கும் பெரிய முயற்சி கட்டாக்கில் நடந்தது. அதன் வழியே தைவானின் தைச்சுங் 65 என்ற ஜப்பானிக்கா ரகமும் மலாயாவின் மாயாங் எபோஸ் 80 என்ற ரகமும் சேர்ந்து மாசூரி பிறந்தது. 1965-ல் மலேசியாவில் அது வெளியானது. அதே கலப்பிலிருந்து வந்த வெள்ளைப் பொன்னியைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1986-ல் வெளியிட்டது. அமெரிக்காவின் இந்தியக் கடைகளில் மூட்டை மூட்டையாக விற்கும் சோனா மசூரியும் மாசூரியின் வாரிசே. நம் ஊர் அரிசி என்று நாம் ஏங்குவது அயல்நாட்டு வழியில் வந்து நம் மண்ணில் ஊன்றியது.

அயலார் தங்கள் பயிரை இங்கே ஊன்றுவது பழைய வழி. ஆங்கிலேயர்கள் தங்கள் காய்கறிகளை விளைவிக்கக் குளிர்ந்த இடம் தேடினார்கள். கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1820-களில் உதகையில் உருளைக்கிழங்கும் கோஸும் பயிரிட்டார். இன்று அவை இல்லாமல் நம் மார்க்கெட்டே இல்லை.

இப்போது தமிழர்கள் அதைச் செய்கிறார்கள். லண்டனிலும் நியூஜெர்சியிலும் ஜன்னலோரத் தொட்டியில் கறிவேப்பிலைச் செடி வளர்க்கும் வீடுகள் ஏராளம். ஊரில் காய்கறிக்காரர் கொசுறாகத் தரும் அந்த இலைக்கு அங்கே இவ்வளவு மதிப்பு ஏன்? கறிவேப்பிலை எலுமிச்சை, ஆரஞ்சுக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதில் ஒட்டியிருக்கும் சிறு பூச்சி ஒன்று, ஆரஞ்சுத் தோட்டங்களையே அழிக்கும் பச்சை நோயைப் பரப்பக்கூடியது. ஃப்ளோரிடாவின் ஆரஞ்சு விவசாயத்தை நொடிக்க வைத்த நோய் அது. அதனால் பயணிகள் பச்சைக் கறிவேப்பிலையை அமெரிக்காவுக்குள் கொண்டுபோக முடியாது. பையில் இருந்தால் விமான நிலையத்திலேயே எடுத்துவிடுவார்கள். ஐரோப்பாவும் கெடுபிடியானது. 2014 மே மாதம், பழ ஈ போன்ற பூச்சிகள் கண்டதால் இந்திய மாம்பழத்தோடு கத்தரிக்காய், பாகற்காய், புடலங்காய், சேப்பங்கிழங்கு இலை ஆகியவற்றையும் ஐரோப்பிய ஒன்றியம் தடை செய்தது. மாம்பழத் தடை 2015 தொடக்கத்தில் நீங்கியது. காய்களுக்கு இன்னும் கூடுதல் காலம் ஆனது. அந்த நாட்களில் அங்கே புடலங்காய்க் கூட்டு வைக்க நினைத்தவர்களின் பாட்டை எண்ணிப் பாருங்கள்.

ஆட்கள் ஓரிடத்தில் திரளும்போது இந்தத் தேடல் கொஞ்சம் எளிதாகிறது. சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் கோமள விலாஸ் 1947-லிருந்து இலை போடுகிறது. சரவண பவன் முதல் வெளிநாட்டுக் கிளையை 2000-ல் துபாயில் திறந்தது. பாரிஸின் லா ஷப்பேல் வட்டாரத்தில் ஈழத் தமிழர் கடைகளில் முருங்கைக்காயும் கருவாடும் கிடைக்கும். ஒரு கடை நிலைக்க வேண்டுமென்றால், வாரா வாரம் வாங்க அத்தனை குடும்பங்கள் வேண்டும். ஒற்றைக் குடும்பமாக ஒரு சிற்றூரில் மாட்டிக்கொண்டவர்களுக்கு ஊரிலிருந்து கொண்டுபோகும் பெட்டிதான் கதி.

மாமல்லபுரத்துக் கதை வேறு. கோவில் பார்க்கவும் அலைச்சறுக்கவும் வரும் வெளிநாட்டவர்கள் தங்குவது ஒத்தவாடைத் தெருப் பக்கம். 2021-22-ல் இந்தியத் தொல்லியல் துறையின் நுழைவுக் கட்டணமுள்ள நினைவுச் சின்னங்களிலேயே அதிக வெளிநாட்டவர் வந்தது மாமல்லபுரத்துக்குத்தான், ஏறத்தாழ 1.45 லட்சம் பேர். தாஜ்மஹால்கூட அந்த ஆண்டு பின்னால் நின்றது. அவர்களுக்காக இங்குள்ள சமையல்காரர்கள் மிளகாயைக் குறைத்து, பூண்டும் வெண்ணெயும் தடவிச் சங்கராவையும் கடம்பாவையும் சுடக் கற்றார்கள். காலையில் வாழைப்பழம் வைத்த பேன்கேக் போட்டார்கள். பாலாடைக்கட்டிக்கு ரொம்பத் தொலைவு போக வேண்டியதில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போனால் ஆரோவில்லில் செய்கிறார்கள். இரண்டு நாள் தங்குபவருக்கு இது போதும். ஐந்து வருடம் வாழ வந்தவரின் ஏக்கம் இதில் தீராது.

2022-ல் இதே ஊரில் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது 186 நாடுகளின் ஆட்டக்காரர்கள் வந்து இரண்டு வாரம் சாப்பிட்டார்கள். அத்தனை பேருக்கும் பக்குவமாகச் சமைத்துப் போட முடிந்தது என்றால், இந்தக் கடற்கரையின் சமையல் கைகளுக்கு எவ்வளவு திறமை இருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம்.

ஊர்ச் சாப்பாட்டுக்கு ஏங்க வெளிநாட்டுக்காரராக இருக்க வேண்டும் என்பதில்லை. ஒரகடத்திலும் மறைமலைநகரிலும் ஒரே அறையில் பலர் சேர்ந்து தங்கியிருக்கும் பீகார், ஒடிசா, வங்காளத் தொழிலாளர்களுக்கு இதே தவிப்பு இருக்கிறது. அவர்களுக்குக் கடுகெண்ணெய் வேண்டும், வறுத்த கடலையை அரைத்த ‘சத்தூ’ மாவு வேண்டும். வங்காளிக்குக் கடல் மீன் அதிகம் பழக்கமில்லை, கட்லாவும் ரோகுவும் வேண்டும். பக்கத்தில் கடலே இருந்தும் ஏரி மீனைத் தேடுவார். ஆலைப் பகுதி மளிகைக் கடைகளில் இப்போது கடுகெண்ணெய் பாட்டில் முன்வரிசையில் நிற்கிறது. கொரிய மேலாளருக்கு விடுதியில் தனிச் சமையல்காரர் கிடைக்கிறார். இவர்களுக்கு வேலை முடிந்து வந்து தாங்களே அடுப்பு மூட்டினால்தான் உண்டு. ஆலைகளின் உணவுக்கூடம் வாரத்தில் சில நாளாவது இவர்கள் ஊர்ச் சமையலைப் போடலாம். அதற்குப் பெரிய செலவு ஆகாது.

இன்னொன்றும் செய்யலாம். கொரிய, ஜப்பானியச் சமையலைப் பார்த்தும் கேட்டும் தாமாகவே கற்றுத் தேர்ந்த உள்ளூர் சமையல்காரர்கள் இந்தப் பகுதியில் இருக்கிறார்கள். அது எளிதில் கைவராத தொழில் அறிவு. செங்கல்பட்டு, காஞ்சிபுரம் மாவட்டத் தொழிற்பயிற்சி நிலையங்களில் அதை முறையாகச் சொல்லிக் கொடுத்தால், ஆலைக்குள் வேலை கிடைக்காத பிள்ளைகளுக்கு ஆலைக்கு வெளியே நல்ல சம்பளத்தில் வேலை காத்திருக்கிறது.

பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பும் வீட்டாருக்கும் சொல்ல வேண்டியது உண்டு. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குள் பயணிகள் இறைச்சியும் பால் பொருட்களும் கொண்டுபோக முடியாது. பால்கோவாவும் நெய்யும் இங்கேயே நின்றுவிடும். ஆனால் மீனுக்கு 20 கிலோ வரை இடம் உண்டு. ஆகவே கோவளத்துக் கருவாட்டைக் காற்றுப் புகாமல் கட்டிக் கொடுத்தால் அது போய்ச் சேரும். ஆஸ்திரேலியாவுக்கும் அமெரிக்காவுக்கும் போகிறவர்கள் கையில் உள்ள உணவுப் பொருட்களை நுழையும்போது மறைக்காமல் அறிவித்துவிட வேண்டும். அறிவித்தால் பொருள் பறிபோகலாம், ஆனால் அபராதம் வராது. மறைத்தால் பொருளும் போகும், பணமும் போகும்.

எல்லாவற்றுக்கும் மேலாகக் கசகசா. ஐக்கிய அரபு அமீரகத்திலும் சவுதி அரேபியாவிலும் அது தடை செய்யப்பட்ட பொருள், சிங்கப்பூரிலும் அதற்குக் கெடுபிடி உண்டு; இது போதைப்பொருள் சட்டத்தோடு தொடர்புடையது. அமீரகத்தில் அதற்காகச் சிறைக்குப் போனவர்கள் உண்டு. தனியாகப் பொட்டலம் கட்டினால்தான் குற்றம் என்று நினைக்க வேண்டாம்; அம்மா அன்போடு அரைத்துக் கொடுக்கும் குருமா மசாலாவிலும் அது கலந்திருக்கலாம். வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போகும் மசாலாவில் கசகசாவை அடியோடு விட்டுவிடுங்கள். முந்திரியோ பொட்டுக்கடலையோ சேர்த்து அரைத்தாலும் குருமா கெட்டியாகும்.