இரைப்பையில் ஒரு சாளரம்

வயிற்றில் ஊறும் அமிலத்தை அடியோடு ஒழிக்க மருந்து ஒன்றும் இல்லையா என்று, நெஞ்செரிச்சலால் உறக்கம் இழந்த வாசகர் ஒருவர் சற்றுக் கோபத்தோடு எழுதிக் கேட்டிருக்கிறார். அந்தத் திராவகம் இல்லாவிடில், புரதத்தைச் சிதைக்கும் பெப்ஸின் விழித்தெழாது. உணவோடு உள்ளே புகும் கிருமிகளும் எளிதில் மாளமாட்டா. ஆகையால் ஒழிப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை.

அது ஹைட்ரோகுளோரிக் அமிலமே என்று 1824-இல் எடுத்துக்காட்டியவர் ஆங்கில மருத்துவர் வில்லியம் பிரௌட். ஆனால் உயிருள்ள மனிதனின் வயிற்றில் இரைப்பைச் சாறு தொழில் புரிவதைக் கண்ணாரக் காணும் வாய்ப்பு, அமெரிக்காவின் மாக்கினா தீவில், 1822 ஜூன் மாதத்தில், ஒரு விபத்தின் பயனாகவே கிட்டிற்று. கைதவறி வெடித்த துப்பாக்கியால் இடப்பக்கம் கிழிபட்ட அலெக்ஸிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற கனடியப் படகோட்டி, இராணுவ வைத்தியர் வில்லியம் போமான்ட்டின் சிகிச்சையால் உயிர் பிழைத்தான். காயம் ஆறியும் துவாரம் மூடாமல், இரைப்பையின் விளிம்பு தோலோடு ஒட்டிக்கொண்டு நிரந்தரமான சாளரமாயிற்று. போமான்ட் 1825 முதல் இறைச்சியையும் ரொட்டியையும் பட்டு நூலில் கட்டி அதன் வழியே இறக்குவார். சில மணி கழித்து வெளியே இழுத்துப் பார்ப்பார். சாற்றைப் புட்டியில் வடித்து, உடற்சூட்டில் வைத்து, அங்கும் இறைச்சி கரைவதைக் கண்ட அவர், சீரணம் ஒரு ரசாயனக் கிரியையே என்று 1833-இல் நூல் வெளியிட்டார். செயின்ட் மார்ட்டினுக்குக் கோபம் மூண்ட வேளையில் சீரணம் தடைப்படுவதையும் குறித்துவைத்தார். கோபம் வந்ததில் வியப்பென்ன? கூலிக்காகத் தன் வயிற்றைப் பரிசோதனைச் சாலையாகத் திறந்துவைத்த அந்த ஏழை 1880-இல் இறந்தபோது, பிரேதப் பரிசோதனைக்கு அவன் குடும்பத்தார் இணங்கவில்லை. அவர்கள் பக்கமே நியாயம் என்பேன்.

இறைச்சியைக் கரைக்கும் சாறு இரைப்பையைக் கரைக்காதது ஏன்? எலுமிச்சை ஊறுகாயைப் பித்தளையில் வைக்க என் பாட்டி ஒருநாளும் சம்மதித்ததில்லை; பீங்கான் ஜாடியின் மெருகுதான் அந்தப் புளிப்பைத் தாங்கும் என்பாள். இரைப்பையின் உட்சுவரிலும் அத்தகைய மெருகாகக் காரம் கலந்த சளிப்படலம் ஒன்று இடையறாது ஊறிக்கொண்டிருக்கிறது. அது பழுதுபட்ட இடத்தில் அமிலம் பாய்வதே அல்சர். காரசாரமான உணவும் கவலையுமே காரணம் என்று நெடுங்காலம் நம்பியிருந்த வைத்திய உலகத்தை, ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்து ராபின் வாரனும் பாரி மார்ஷலும் திருத்தினார்கள். பெரும்பாலும் அல்சருக்கு மூலமான ஹெலிகோபாக்டர் என்னும் கிருமியை 1984-இல் மார்ஷல் தாமே குடித்து, இரைப்பை அழற்சிக்கு ஆளாகிக் காட்டினார். 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

நெஞ்செரிச்சல் வேறு வழியில் வருவது: உணவுக்குழாயின் அடிவாயில் தளர, மெருகில்லாத இடத்துக்கு அமிலம் மேலேறுகிறது. சாப்பிட்டவுடன் படுப்பவர்களுக்கு இது மிகுதி.

மருந்துக்கடையில் கேட்டவுடன் கிடைக்கிறது என்பதற்காக மூட்டுவலி மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கி, அந்த மெருகைத் தாமே சுரண்டிவிட்டு, எரிச்சலுக்கென்று மற்றொரு மாத்திரையைத் தேடும் வழக்கம் நம்மிடையே பெருகியிருப்பது வருந்தத்தக்கது. வாசகர் அன்பருக்கு ஒரு வேண்டுகோள்: விழுங்குவது சிரமமானாலோ, காரணமின்றி எடை குறைந்தாலோ, மலம் தார்போல் கறுத்தாலோ, கடைக்காரரை விட்டு மருத்துவரிடம் தாமதமின்றிச் செல்லுங்கள்.