செயலியின் தலைவாசல்

"முதற்கோணல் முற்றும் கோணல்" என்பர் நம் முன்னோர். இப்பழமொழி நாம் அன்றாடம் கையில் ஏந்தும் செல்பேசிக்கும் பொருந்தும். செயலி ஒன்றின் சின்னத்தை விரலால் தொட்டவுடன், அது முழுமையாக விழித்தெழும் முன்னர், ஓரிரு நொடிகள் ஒரு படமோ வண்ணமோ திரையை நிறைக்கிறதல்லவா? அதுவே தொடக்கத் திரை. வீட்டிற்குத் தலைவாசல் எப்படியோ, செயலிக்கு அது அப்படி. செல்பேசியை நெட்டுவாக்கில் பிடித்தாலும் குறுக்குவாக்கில் பிடித்தாலும் அத்தலைவாசல் கோணாமல் நிற்க என்ன செய்ய வேண்டும் என்பதை இங்குக் காண்போம்.

யாருக்காக இந்தக் கவலை?

பழைய செல்பேசிகளிலும் விலை குறைந்தவற்றிலும் செயலி திறக்கக் கூடுதல் நேரம் பிடிக்கும். அந்நேரத்தில் திரை கறுத்துக் கிடந்தால் நம் வீட்டுப் பாட்டி என்ன நினைப்பார்? "போன் கெட்டுப் போச்சு" என்று கீழே வைத்துவிடுவார். தியாகராய நகர்க் கடை ஒன்றின் கல்லாவில் தாங்கியில் சாய்த்து வைத்த டேப்லெட்டோ குறுக்குவாக்கில் இருக்கும். அதில் படம் நசுங்கித் தெரிந்தால், "இதை நம்பிப் பணம் செலுத்தலாமா?" என்ற ஐயம் எழும். ஆகவே தொடக்கத் திரை வெறும் அலங்காரமன்று. பயன்படுத்துவோரின் நம்பிக்கை அதில் அடங்கியிருக்கிறது.

செயலி எழுமுன் படம் வருவது எவ்வாறு?

தொடக்கத் திரை தோன்றும்போது செயலியின் கட்டளைகள் இன்னும் ஓடத் தொடங்கவில்லை. அப்படத்தைக் காட்டுவது செல்பேசியின் இயங்குதளம். ஆதலால், "இப்போது திரை எப்பக்கம் திரும்பியிருக்கிறது?" என்று பார்த்துப் படத்தை மாற்றச் செயலியால் இயலாது. விருந்தினர் வருமுன்னரே வாசலில் கோலமிட்டு வைப்பதுபோல, இரு நிலைகளுக்கும் ஏற்றதை முன்கூட்டியே செயலியோடு சேர்த்து வைத்துவிட வேண்டும்.

ஒரு கோபுரம், இரு சட்டங்கள்

மயிலாப்பூரைச் சுற்றிக் காட்டும் செயலி ஒன்றை நாம் உருவாக்குவதாகக் கொள்வோம். 155 அடி உயரமுள்ள சாந்தோம் பேராலயக் கூர்கோபுரத்தைத் தொடக்கப் படமாக வைக்கிறோம். படத்தின் அளவு, 2010ஆம் ஆண்டின் முதல் ஐபேட் திரைக்கேற்ப அகலம் 768, உயரம் 1024 பிக்சல். இப்போது கருவியைத் திருப்பினால் அகலம் 1024, உயரம் 768 ஆகிவிடும். அதே படத்தை அதில் வைக்க மூன்று வழிகளைப் பார்ப்போம்.

முதலாவது, இழுத்து நிரப்புதல். அகலம் மூன்றில் ஒரு பங்கு கூடும். உயரம் நான்கில் ஒரு பங்கு குறையும். கூர்கோபுரம் தண்ணீர்த் தொட்டிபோல் தடித்துவிடும்.

இரண்டாவது, விகிதம் மாறாமல் பெரிதாக்கி வெட்டுதல். படத்தின் உயரம் சுமார் 1365 பிக்சலாகும்; திரையில் தெரிவதோ 768 மட்டுமே. மேலும் கீழும் ஏறத்தாழ 299 பிக்சல் போய்விடும். கோபுரத்தின் உச்சியே காணாமற்போகும்.

மூன்றாவது, சுருக்கி அடக்குதல். கோபுரம் முழுமையாகத் தெரியும். ஆனால் அகலம் 576 ஆகச் சுருங்கி, இருபுறமும் 224 பிக்சல் வெற்றிடம் நிற்கும்.

மெரினாக் கடற்கரையின் நீண்ட காட்சியை வைத்தாலோ இடர்ப்பாடு தலைகீழாகும். ஆகவே நெடியதற்கு ஒன்று, அகன்றதற்கு ஒன்று என இரு படங்கள் வேண்டும். அல்லது இரண்டிற்கும் பொதுவான ஓர் அமைப்பு வேண்டும்.

கடந்து வந்த வழி

தொடக்க கால ஐபோனுக்கு 320க்கு 480 அளவில் ஒரே படம் போதுமானதாக இருந்தது. ஐபேட் வந்தபின் நெட்டுவாக்கிற்கும் குறுக்குவாக்கிற்கும் தனித்தனிப் படங்கள் தேவைப்பட்டன. 2012இல் ஐபோன் 5 வந்தபோது திரை 640க்கு 1136 பிக்சலாக நீண்டது. அவ்வளவிலான தொடக்கப் படம் இல்லாத செயலிகள், மேலும் கீழும் கறுப்புப் பட்டைகளோடு பழைய அளவிலேயே இயங்கின. ஒரு படம் இல்லாமையால் செயலி முழுவதுமே குறுகிப்போனது! 2014இல் ஐபோன் 6 பிளஸுக்கு 1242க்கு 2208 என மற்றோர் அளவு சேர்ந்தது. இப்படியே படங்கள் பெருகுவதைக் கண்ட ஆப்பிள் நிறுவனம், அதே ஆண்டில் ஐஓஎஸ் 8 உடன் 'லாஞ்ச் ஸ்டோரிபோர்டு' என்ற ஏற்பாட்டைத் தந்தது. ஒரே வரைவு எத்திரைக்கும் தன்னைப் பொருத்திக்கொள்ளும். 2020 ஜூன் 30 முதல் ஆப் ஸ்டோரில் இதுவே கட்டாயமாயிற்று.

இன்றைய முறை

ஸ்டோரிபோர்டில் பின்னணிக்கு ஒரு வண்ணத்தைத் தந்து, சின்னத்தை நடுவில் நிறுத்தி, "இடவலமாகவும் மேல்கீழாகவும் மையத்திலேயே இரு" என்று கட்டுப்பாடு விதிக்க வேண்டும். ஐபோனைக் குறுக்குவாக்கில் திருப்பினால் உயரம் குறுகிய வகையில் சேரும். அதற்கென வேறு படத்தைப் படத் தொகுப்பில் வைக்கலாம். முழுத்திரையில் இயங்கும் ஐபேட்டிலோ இரு நிலைகளும் ஒரே வகையாகவே கருதப்படுவதால், ஒரே அமைப்பே இரண்டிற்கும் பொருந்த வேண்டும்.

ஆண்ட்ராய்டில் நெட்டுவாக்கிற்கு 'டிராயபிள்-போர்ட்', குறுக்குவாக்கிற்கு 'டிராயபிள்-லேண்ட்' என இரு கோப்புறைகளில், ஒரே பெயருள்ள இரு படங்களை வைத்தால் இயங்குதளமே உரியதைத் தேர்ந்துகொள்ளும். 2021இல் வந்த ஆண்ட்ராய்டு 12 முதல், ஒரு பின்னணி வண்ணமும் நடுவில் ஒரு சின்னமும் கொண்ட திரையை இயங்குதளமே காட்டுகிறது. தனிப் பின்னணியில்லாத சின்னத்தை 288 டிபி சதுரத்தில் வரைந்து, முக்கியப் பகுதியை 192 டிபி விட்டமுள்ள வட்டத்திற்குள் அடக்க வேண்டும். வட்டத்திற்கு வெளியே உள்ளது மறைந்துவிடும்.

நினைவிற் கொள்ள வேண்டியவை

1. எத்தனை படங்கள் வைத்தாலும், முக்கியமானதை நடுச் சதுரத்தில் வையுங்கள். நாம் கண்ட ஐபேட் திரையில் 768க்கு 768 பிக்சல் கொண்ட அச்சதுரம் இரு நிலைகளிலும் தெரியும்.

2. படத்தில் எழுத்துகளைப் பொறிக்காதீர்கள். தமிழில் படிப்பவருக்கும் ஆங்கிலத்தில் படிப்பவருக்கும் படம் தானே மொழி மாறாது.

3. தொடக்கத் திரையின் வண்ணமும் முதல் பக்கத்தின் வண்ணமும் ஒத்திருக்கட்டும். இல்லையேல் கண்ணை உறுத்தும்.

4. நிமிர்த்தி ஒருமுறை, இடப்பக்கம் சாய்த்து ஒருமுறை, வலப்பக்கம் சாய்த்து ஒருமுறை திறந்து பாருங்கள். ஐபோன் பழைய திரையை நினைவில் வைத்திருப்பதுண்டு. மாற்றம் தெரியாவிட்டால் செயலியை நீக்கி, கருவியை அணைத்து இயக்கி, மீண்டும் நிறுவுங்கள்.

அன்புத் தோழியரே! நம்மில் பலர் நாளை செயலிகளை உருவாக்கப் போகிறவர்கள். ஓரிரு நொடிகளே தோன்றி மறையும் திரைதானே என்று அதனை அலட்சியமாக எண்ண வேண்டாம். அடையாற்றில் புதிய டேப்லெட்டைச் சாய்த்துப் பிடிக்கும் மாணவியும், மாடவீதியில் பழைய போனை நிமிர்த்திப் பிடிக்கும் பூக்கார அம்மாவும் ஒரே வாசல் வழியாகத்தான் உள்ளே வருகிறார்கள். இருவரையும் ஒன்றுபோல் வரவேற்கும் வாசலை அமைப்பதே நம் கடமையாகும்.